வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

போடியில் ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். சரக்கு இடுக்கியிலிருந்து மலை இறங்கி வரும், பணம் மலை ஏறிப் போகும். ஒரே வியாபாரத்துக்கு இரண்டு பேரேடு. வருஷக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஒருமுறை 36,000 ரூபாய் இடித்தது. "பையன் கை வச்சுட்டான் போலண்ணே" என்றார் கடைக்காரர். கணக்கெழுதும் பையன் பேயறைந்த மாதிரி நின்றான். நான் 36,000-ஐ ஒன்பதால் வகுத்தேன். மீதி இல்லாமல் 4,000 வந்தது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். ஈவு 4,000 என்றால், ஆயிரம், பத்தாயிரம் இடங்களில் தங்களுக்குள் 4 வித்தியாசப்படும் இலக்கங்களைத் தேடினால் போதும். பத்து நிமிடத்தில் அகப்பட்டது: 4,73,650 என்பது 4,37,650 ஆகியிருந்தது. (தமிழிலும் மலையாளத்திலும் எழுபதைச் சொல்லிவிட்டுத்தான் மூன்றைச் சொல்கிறோம். அதனால் தொகையைப் போனில் கேட்டு எழுதியிருந்தாலும் காதின் மேல் பழி போட முடியாது, கைதான் பிசகியது.)

இதன் சூட்சுமம் எளிது. 10, 100, 1,000 எதை ஒன்பதால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே எண் எவ்வளவு பெரிதானாலும், அதை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியும் அதன் இலக்கங்களைக் கூட்டி வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, கழித்தால் மீதியும் அடிபட்டுப் போகும். ஆனால் இது துப்புதான், தீர்ப்பு அல்ல. 4,500-ஐ 450 என்று எழுதினாலும் வித்தியாசமான 4,050 ஒன்பதால் வகுபடும். நிஜமாகவே ஒருவன் 36,000 எடுத்திருந்தாலும் வகுபடும். அசல் பில் சீட்டைப் பார்த்த பிறகே பையனுக்காகப் பேசினேன்.

நீளமான அடையாள எண்களுக்கு இதைவிடக் கெட்டியான காவல் உண்டு. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி, முந்தைய 11-லிருந்து கணக்கிட்டது. வெர்ஹூஃப் என்ற டச்சுக்காரர் 1969-இல் தந்த முறை அது. ஒரு இலக்கம் தவறினாலும், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். வங்கி அட்டைகளில் இருப்பது லூன் முறை. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதில், 09 என்பது 90 ஆனாலோ 90 என்பது 09 ஆனாலோ மட்டும் அதற்குத் தெரியாது. ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்தாவது எழுத்தும் இந்த மாதிரிக் காவல்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண் சோதனையில் தேறினால் ஆளும் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். வாயில் வந்த 12 இலக்கத்தைச் சொன்னால்கூடப் பத்தில் ஒன்று கடைசி இலக்கச் சோதனையில் தேறிவிடும். கேரளச் சரக்கு என்கிற பில்லில் ஜிஎஸ்டி எண் 32-இல் தொடங்க வேண்டும், 33 என்றால் அது தமிழ்நாட்டுப் பதிவு. அப்புறம் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுப் பெயரைப் பாருங்கள், லாகின்கூட வேண்டாம்.

வங்கிக் கணக்கு எண்ணில் நாடு முழுக்கப் பொதுவான சோதனை இலக்கம் இல்லை. வங்கிக்கு வங்கி நெஃப்ட் முறையில் அனுப்பும் பணம் எண்ணை வைத்தே போய்ச் சேரும், நீங்கள் எழுதிய பெயரை வைத்து அல்ல. 2025 ஏப்ரல் 1-க்குள், பெறுபவர் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதியைத் தர ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. பெயர் வந்தால் நிதானமாகப் படியுங்கள். புதுக் கணக்கு என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்துவிட்டது என்று எதிராளியே சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள்.