சுமையளவா, நிரப்பளவா?

‘நோயாளிக்கு டிகாக்ரெலார் சுமையளவு தரப்பட்டது.’ டிகாக்ரெலார், இரத்தக்கட்டியைத் தடுக்கும் மருந்து. மாரடைப்புச் சிகிச்சை பற்றிய மொழிபெயர்ப்புகளில் இந்தச் சுமையளவு அடிக்கடி தட்டுப்படுகிறது. யார் தலையில் என்ன சுமை? மருந்தை முதல் தடவை மட்டும் கூடுதலாகக் கொடுக்கும் ‘லோடிங் டோஸ்’தான் இப்படி ஆகியிருக்கிறது.

டோஸ், ‘கொடுத்தல்’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. (தமிழில் திட்டு வாங்கினாலும் டோஸ்தான், அது தனிக்கதை.) லோடு என்றதும் நமக்கு லாரி நினைவுக்கு வருகிறது, உடனே சுமை என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் துப்பாக்கியில் குண்டு போடுவதற்கும் அதே சொல்தான். இங்கே வேண்டியது அந்த நிரப்புகிற பொருள்.

அடைபட்ட தமனியைப் பலூனால் திறந்து ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைக்கும்போது, அந்த இடத்தில் தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் நுண்ணணுக்கள்) மறுபடி திரளக் கூடாது. அதைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்றான குளோபிடோக்ரெல் கல்லீரலில் உருமாறிய பிறகுதான் வேலை செய்யும். தினம் 75 மி.கி. மட்டும் கொடுத்தால் முழுப் பலன் கிடைக்கச் சில நாள்கள் ஆகிவிடும். மாரடைப்பு அதுவரை காத்திருக்குமா? அதனால் முதலில் ஒரே தடவையாக 600 மி.கி. கொடுத்துவிடுகிறார்கள். இதே வகை மருந்தான பிராசுக்ரெல் என்றால் 60, பிறகு தினம் 10. டிகாக்ரெலார் 180, பிறகு 90 வீதம் இரு வேளை. முதலில் நிரப்பு, பிறகு குறையாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

சிலர் ‘ஏற்றளவு’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் ‘ஏற்ற அளவு’ என்றுதான் காதில் விழும். பொருத்தமான அளவு என்று எடுத்துக்கொண்டு, 180-ஐயே தினமும் விழுங்கினால் யார் பொறுப்பு? இரத்தக்கசிவு ஆபத்துள்ள மருந்தில் இந்த விளையாட்டு வேண்டாம். ‘நிரப்பளவு’ என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. அடுத்து வருவதைத் ‘தொடர் அளவு’ எனலாம். ‘பராமரிப்பு அளவு’ கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது போல ஒலிக்கிறது.

இதே ஆட்கள்தான் தட்டணு எதிர்ப்பு மருந்தை ‘இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து’ என்றும் எழுதுகிறார்கள். இரத்தம் நீர்த்துப்போவதில்லை, தட்டணுக்கள் ஒட்டுவதுதான் குறைகிறது. அகராதியைப் புரட்டும் நேரத்தில் மருந்து என்ன செய்கிறது என்று ஒரு வரி படித்தால் போதும். தூய தமிழா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். லோடிங் டோஸுக்கு எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் ‘ஒரே ஒரு முறை மட்டும்’ என்று எழுதிவிடுங்கள்.