குழந்தை தூங்கும்போது உங்களால் தூங்க முடிகிறதா?

பிரசவம் முடிந்து என்னிடம் வரும் பெண்களிடம் "மனசு எப்படி இருக்கு?" என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதனால் நான் கேட்பது, "குழந்தை தூங்கும்போது உங்களால் தூங்க முடியுதா?"

கைக்குழந்தை இருந்தால் தூக்கம் கெடத்தான் செய்யும். ஆனால் குழந்தை அயர்ந்து தூங்குகிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது, உடம்போ அடித்துப் போட்டாற்போல் வலிக்கிறது. அப்போதும் கண்ணை மூட முடியவில்லை என்றால் அதை வெறும் அசதி என்று விட்டுவிட முடியாது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாகவும் இருக்கலாம்.

குழந்தை பிறந்து ஆறு வாரமான ஒருவர், இந்தக் கேள்விக்குப் பதிலாகச் செல்போனை நீட்டினார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பால் கொடுத்த நேரமெல்லாம் குறித்திருந்தார்: இரவு 1.10, 2.25, 3.40. இடையிடையே ஒரு வரி, 'மூச்சு சரியா இருக்கு.' ஒரே ராத்திரியில் ஏழு தடவை. கூட வந்திருந்த அவருடைய அம்மா, "இவளுக்கு ரொம்பப் பொறுப்பு டாக்டர்" என்றார் பெருமையாக.

அந்தப் பெண் அழவே இல்லை. மனச்சோர்வு என்றால் அழுகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பதற்றமாகவும் வரும், எரிச்சலாகவும் வரும், குழந்தையோடு ஒட்டவே முடியாத வெறுமையாகவும் வரும்.

பிரசவமான 2, 3ஆம் நாளில் வரும் அழுகை வேறு. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் மளமளவென்று சரிவதற்கும் அதில் பங்குண்டு. பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். அதையும் தாண்டி நீடித்தால் காத்திருக்க வேண்டாம்.

இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய, 1987இல் வெளியான எடின்பரோ கேள்வித்தாளை நாங்கள் பயன்படுத்துகிறோம். கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். கூட்டிப் பார்க்கும் முன்பே என் கண் பத்தாவது கேள்விக்குப் போய்விடும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது அது.

மூன்றாவது முறை வந்தபோது, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண் மெல்லிய குரலில் சொன்னார்: "பால்கனிப் பக்கம் போனா பாப்பாவைக் கை நழுவவிட்டுருவேனோன்னு தோணுது. சொன்னா குழந்தையை வாங்கிட்டுப் போயிருவாங்களோன்னு பயம்." அந்த நினைப்பே அவரை நடுங்க வைத்தது, பால்கனிக் கதவையே பூட்டி வைத்திருந்தார். இப்படி வேண்டாத நினைப்பு வருவது புதுத் தாய்மார்களிடம் சகஜம். அதற்காக அவர் கெட்ட தாய் ஆகிவிடமாட்டார். சிகிச்சையில் அது அடங்கும்.

காதில் குரல் கேட்பது, தூக்கமே தேவையில்லை என்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது உறுதியாக நம்புவது, இதெல்லாம் வேறு. பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) அது. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.

அந்தப் பெண்ணுக்குத் தைராய்டும் ரத்தசோகையும் இருக்கிறதா என்று பார்த்தோம். பேச்சு சிகிச்சையோடு மாத்திரையும் தேவைப்பட்டது. செர்ட்ராலின் என்ற அந்த மனச்சோர்வு மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், பாலை நிறுத்தத் தேவையில்லை என்று விளக்கினேன். அப்புறம் கணவரிடம் ஒன்று சொன்னேன்: ராத்திரி ஒரு வேளைப் பால் உங்கள் பொறுப்பு. எடுத்து வைத்த தாய்ப்பாலை நீங்கள் கொடுங்கள், அவர் நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கட்டும்.

அடுத்த மாதம் செல்போனைக் காட்டச் சொன்னேன். இரவு 11.30க்குப் பிறகு 4.15தான் இருந்தது. நடுவில் எதுவுமே இல்லையே என்றேன்.

"அந்தக் கணக்கு அவர்கிட்ட இருக்கு டாக்டர்" என்றார்.