ஊட்டிக் குளிரில் பேஸ் ஆம்ப்புக்குத் தொண்டை கட்டுமா?

ஊட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “சர்ச் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த நூறு வாட் ஆம்ப். கோயம்புத்தூர்க் கடையில் வாசித்துப் பார்த்தபோது தரை அதிர்ந்தது. இங்கே எங்கள் ஹாலில் முனகுகிறது. பனி சத்தத்தைக் குடித்துவிடும் என்கிறார் எங்கள் டிரம்மர். உண்மையா? அடுத்தது எத்தனை வாட்டில் வாங்கலாம்?”

பனி பாவம், விட்டுவிடுங்கள். காற்றின் ஈரப்பதம் ஒலியை உறிஞ்சுவதில் வித்தியாசம் காட்டுவது பெரும்பாலும் கீச்சென்ற உயர் அதிர்வெண்களில்தான், அதுவும் நெடுந்தூரத்தில்தான். ஒரு ஹாலுக்குள் பேஸ் ஒலிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மலைக்கு இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வாட். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் கூடும், அவ்வளவுதான். ‘சத்தம் ரெண்டு மடங்காயிடுச்சு’ என்று நம் காது ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். நூறு வாட்டைக் கொடுத்துவிட்டு இருநூறு வாட் வாங்கி வந்தால், ‘கொஞ்சம் கூடியிருக்கோ?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தோன்றும். விளம்பரத்தில் போட்டிருக்கும் வாட் 4 ஓம் ஸ்பீக்கருக்கா, 8 ஓமுக்கா என்பதையும் பாருங்கள் (ஓம் என்பது ஸ்பீக்கர் மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு). 4 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப் 8 ஓமில் கிட்டத்தட்ட பாதிதான் தரும்.

சரி, வாட் இல்லையென்றால் வேறு எது? காற்று. எவ்வளவு காற்றைத் தள்ள முடிகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி, திறந்த நிலையில் விநாடிக்குச் சுமார் 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸில், அதிர்கிறது. அந்த ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அதற்கு முன்னால், ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும் பத்து அங்குல கோன் ஒரு சுண்டைக்காய். இவ்வளவு சிறிய கோனிலிருந்து நமக்கு வந்து சேரும் ஒலியின் அளவைத் தீர்மானிப்பவை இரண்டு: கோனின் பரப்பு, கோனின் முடுக்கம். வேகமல்ல, முடுக்கம். பள்ளியில் படித்த ½at² இங்கேதான் வேலைக்கு வருகிறது. அதிர்வெண் பாதியானால் ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது. அதே முடுக்கத்தோடு இரண்டு மடங்கு நேரம் போனால் தூரம் நான்கு மடங்காகும். ஆக, ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு, இறங்கி அதே சத்தம் தர வேண்டுமானால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும்!

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் வலையைக் கழற்றிவிட்டு அந்தத் தடித்த தந்தியை மீட்டுங்கள். கோனின் விளிம்பு மங்கலாகி, பட்டையாகத் தெரியும். அதே தந்தியைப் பன்னிரண்டாவது கட்டத்தில் அழுத்தி, ஒரு ஸ்தாயி மேலே மீட்டுங்கள். ஒலி குறைந்த மாதிரி இருக்காது, ஆனால் அசைவு ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

ஒரு மீட்டர் தள்ளி நின்று 41 ஹெர்ட்ஸில் 100 டெசிபல் கேட்க வேண்டுமானால், தரையில் வைத்த ஒற்றைப் பத்து அங்குல கோன் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் ஓட வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. பல ஸ்பீக்கர்கள் அதற்கு முன்பே திணறிவிடும். எட்டு கோன்கள் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட அசைய வேண்டியதில்லை. 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற 300 வாட் பேஸ் ஆம்ப்பை எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்களோடு கொண்டுவந்தது இதனால்தான். ‘பதினைந்து அங்குலம்தான் பேஸுக்கு’ என்ற பேச்சையும் இதே கணக்கில் உரசிப் பாருங்கள். நான்கு பத்து அங்குல கோன்களின் மொத்தப் பரப்பு, ஒரு பதினைந்து அங்குல கோனைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இப்போது மலைக்கு வருவோம். ஊட்டியில் குக்கர் இல்லாமல் சோறு வேக நேரமாவதற்கு என்ன காரணமோ, அதுவேதான் இங்கும்: 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கோயம்புத்தூரோடு ஒப்பிட்டால், குளிரையும் கணக்கில் சேர்த்தே, காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. கோன் அதே ஓட்டம் ஓடினாலும் தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருக்கிறது. இழப்பு சுமார் ஒன்றரை டெசிபல். அங்கே 100 வாட் செய்த வேலைக்கு இங்கே 140 வாட் வேண்டும். இது உண்மை, ஆனால் முனகலுக்கு முக்கியக் காரணம் இதுவல்ல. கடை சின்ன அறை, ஆம்ப் சுவரோரமாக இருந்திருக்கும். சுவரும் மூலையும் பேஸைத் தூக்கிக் கொடுக்கும். உங்கள் ஹாலில் அதை மேடை நடுவில் வைத்திருப்பீர்கள். மூலைக்குத் தள்ளிப் பாருங்கள், செலவில்லை.

உங்கள் ஊட்டியை அடுத்த முத்தோரையில் மலைச்சரிவையே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்த தாங்கியாக்கி, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970இல் இயக்கிக் காட்டியது வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு. அலைநீளத்தை அவ்வளவு மதித்த ஊரில், எட்டு மீட்டர் ஒலியலையைப் பற்றி நினைத்தே பார்க்காமல் கல்யாண மண்டபங்களும் பள்ளி அரங்கங்களும் கட்டுகிறோம். வானியலுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒலியியலுக்கும் ஏதாவது கொடுங்கள் என்கிறேன்.

அடுத்து, தொனி. பல பேஸ் பெட்டிகளில் 41 ஹெர்ட்ஸ் ஏற்கெனவே தேய்ந்துதான் வருகிறது. ஆனாலும் நமக்குக் கேட்கிறது. 82, 123, 164 என்று 41இன் மடங்குகளாக அதே தந்தியிலிருந்து கூடவே வரும் இசைவுகளின் (ஹார்மோனிக்ஸ்) இடைவெளியை வைத்து, அடிச்சுருதி 41தான் என்று மூளையே நிரப்பிக்கொள்கிறது. அதனால் சத்தம் போதவில்லை என்று பேஸ் குமிழைத் திருகாதீர்கள். அதை 12 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்குப் பதினாறு மடங்கு வாட் போகிறது. நடு அதிர்வெண்களுக்கான மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள், குழுவுக்கு நடுவிலும் சுருதி தெளிவாகக் கேட்கும். தங்க முலாம் பூசிய கேபிள் போட்டால் பேஸ் ஆழமாகும் என்பவர்களுக்கு: ஆம்ப்பில் எலுமிச்சம்பழம் கட்டினாலும் அதே பலன்தான், எலுமிச்சை மலிவு.

கடையில் இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதே காதுக்கு ‘நல்ல தொனி’யாகத் தோன்றிவிடும். ஆம்ப்பை ஒட்டி நிற்காமல் அறையின் மறுமுனைக்குப் போய்க் கேளுங்கள். தரையில் இருக்கும் பெட்டியின் உயர் ஒலிகள் உங்கள் முழங்காலுக்குத்தான் போகின்றன.

அடுத்த ஆம்ப்? இப்போதைக்கு வேண்டாம் என்பேன். உங்கள் ஆம்ப்பின் பின்பக்கம் வெளி ஸ்பீக்கருக்கான துளை இருக்கிறதா பாருங்கள். உள்ளே இருப்பது 8 ஓம், ஆம்ப் 4 ஓம் வரை தாங்கும் என்று எழுதியிருந்தால், அதே போன்ற இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சேர்க்கலாம், இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகும். பரப்பு இரட்டிப்பாவதில் 3 டெசிபல், ஓம் பாதியாவதில் ஏறக்குறைய 3 டெசிபல். இணைக்க ஸ்பீக்கர் கேபிளையே வாங்குங்கள், கிட்டார் கேபிள் அந்த மின்னோட்டத்துக்கு ஆகாது. மூன்றாவது பெட்டி மட்டும் வேண்டாம்: 2.7 ஓமுக்கு இறங்கிவிடும், ஆம்ப் புகைந்துவிடலாம்.