கண்மாய் நிறையும் முன்பே முடிவெடுக்க வேண்டும்

வைகை அணையில் தேக்கக்கூடிய முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதலாவது வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடப்படும். வருவாய்த் துறையிலும் பின்னர் மக்கள் பிரதிநிதி ஒருவரின் அலுவலகத்திலும் பணியாற்றிய எனக்கு, பேரிடர் நேரத்தில் அரசியல் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் புரிய வைத்தவை இந்த எண்களே. நள்ளிரவில் நீர் அந்த அளவை எட்டினாலும், எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், கரையோர மக்களுக்கு அறிவிப்புப் போய்விடும். முடிவு மழைக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

மதுரை நகருக்குள் இருக்கும் கண்மாய்கள் விஷயத்தில் இந்தத் தெளிவு இல்லை. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டித் தீர்த்த மழையில் செல்லூர்ப் பகுதிக் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கால்வாயை அகலப்படுத்துவதும் தூர்வாருவதும் அவசியமே. ஆனால் அன்றிரவு கண்மாயின் ஷட்டரை எப்போது, யார் சொல்லித் திறப்பது என்ற கேள்வியைக் கான்கிரீட் தீர்த்து வைக்காது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அந்த நெருக்கடி தெரியும். திறந்தால் கீழ்ப்பகுதித் தெருக்கள் மூழ்கும், திறக்காவிட்டால் கரை தாங்காது. "சார், எங்க வார்டுக்குத் தண்ணிய விட்டுறாதீங்க" என்று ஒரு கவுன்சிலர் கெஞ்சும்போதே, "இன்னும் ஏன் தொறக்கல?" என்று இன்னொருவர் அடுத்த தொலைபேசியில் கொதிப்பார். இருவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. இருவருமே தம்மை நம்பி வாக்களித்தவர்களுக்காகப் பேசுகிறார்கள். அந்த நேரத்தில் யாருடைய குரல் ஓங்குகிறதோ அதன்படி முடிவு அமைந்தால், மூழ்கிய தெருவின் மக்கள் அதைப் பழிவாங்கலாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கசப்பு அடுத்த தேர்தல் வரை ஆறாது.

அரசியல்வாதிகள் ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமே மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராகவும், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதியை இணைத் தலைவராகவும் வைத்திருக்கிறது. அவர்கள் வாதாட வேண்டிய காலம் ஆவணியும் புரட்டாசியும். மழை தொடங்கிய பின், எதிர்க்கட்சிக் கவுன்சிலர் உட்பட அனைவருக்கும் ஒரே தகவல் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அவருக்குத் தகவல் போகாத தெருவில்தான் "கண்மாய் உடைஞ்சிருச்சாம்" என்ற வாட்ஸ்அப் குரல்பதிவு முதலில் பரவும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடக்கும், வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்: நம் கண்மாயில் எந்த அளவுக்கு நீர் ஏறினால் ஷட்டர் திறக்கப்படும், யார் அறிவிப்பார், நாங்கள் எந்த மண்டபத்துக்குப் போக வேண்டும்? பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் பதிந்து வையுங்கள்.