ஆளை எடுத்தாலும் எண் போகாது

1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் கேம்களில் மொத்தம் 151 பிராணிகள். ஆனால் கேமுக்குள் இருக்கும் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதில் 190 இடங்கள். மீதி 39 இடங்களுக்கும் ஒரே பெயர்தான்; ஆங்கிலப் பதிப்பில் அது 'மிஸ்ஸிங்நோ'. அவற்றில் மூன்றை மட்டும் அருங்காட்சியகப் புதைபடிவங்களின் படங்களுக்கும் கல்லறைக் கோபுரத்துப் பேயின் படத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். மற்றவை பெரும்பாலும் யோசித்து, எண் கொடுத்து, பிறகு கழித்துவிட்ட பிராணிகளின் இடங்கள்.

இது நாம் திரையில் பார்க்கும் போக்கிடெக்ஸ் (கேமுக்குள் உள்ள பிராணிக் கையேடு) வரிசை அல்ல. அங்கே முதலாவதாக நிற்கும் பல்பசோர் இங்கே 153. அது வளர்ந்து மாறும் ஐவிசோரோ 9. பட்டியலின் முதல் இடம் ரைடானுக்கு. பிராணிகளைத் தோன்றத் தோன்றச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். 31, 32 காலி, 50 காலி, 61 முதல் 63 வரை காலி.

காலியிடங்களை ஏன் மூடவில்லை? கேமுக்குப் பெயர்கள் தெரியாது, எண்கள்தான் தெரியும். எந்தப் புல்வெளியில் எது வரும், எந்த எதிராளியிடம் எது இருக்கும், எதன் குரல் எது, எது எதுவாக வளரும் என எல்லாமே எண்ணால் எழுதப்பட்டவை. ரயிலில் 31ஆம் இருக்கைக்காரர் டிக்கெட்டை ரத்து செய்தார் என்பதற்காக 32க்கு அப்பால் உள்ள எல்லோரையும் ஓரிடம் நகர்ந்து உட்காரச் சொன்னால் என்ன ஆகும்? அதே குழப்பம்தான். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது எந்த ப்ரோகிராமரும் அந்த வேலையில் இறங்க மாட்டார். ஆளை எடுத்துவிட்டு, அவரிடம் போகும் வழியை அடைத்துவிட்டு, எண்ணை அப்படியே விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அடைத்த வழி சில சமயம் திறந்துகொள்ளும். விரிடியன் நகரத்தில் ஒரு முதியவர் போக்கிமான் பிடிப்பது எப்படி என்று செய்து காட்டுவார். அந்தச் சண்டை நடக்கும்போது திரையில் அவர் பெயர் தெரிய வேண்டும். அதற்காக ஆட்டக்காரரின் பெயரைத் தற்காலிகமாக வேறிடத்தில் ஒதுக்கி வைக்கிறது கேம். வைக்கும் இடம், புல்வெளியில் என்னென்ன பிராணி, எந்த லெவலில் வரும் என்ற விவரம் இருக்கும் இடம். அடுத்த புல்வெளிக்குப் போனதும் புது விவரம் அதன்மேல் எழுதப்பட்டுவிடும், எனவே ஆபத்தில்லை. ஆனால் நேராகச் சின்னபார் தீவுக்குப் பறந்து போய், அதன் கிழக்குக் கரையோரம் நீந்தினால்? அந்தத் தீவுக்கென்று புல்வெளி விவரம் கிடையாது, பழையதன்மேல் எதுவும் எழுதப்படாது. கரையோரக் கட்டங்களோ புல்வெளி விவரத்தைத்தான் பார்க்கும். விளைவு, பெயரின் எழுத்துகளை பிராணிகளாகவும் லெவல்களாகவும் கேம் படிக்கிறது. 'ஏ' என்ற ஆங்கில எழுத்தின் எண் 128 என்பதால், 100தான் உச்சம் என்ற கேமில் 128ஆம் லெவல் பிராணி வந்து நிற்கும். பெயர் முடிந்தது என்பதைக் குறிக்கும் எண் 80. பட்டியலில் 80ஆம் இடம் காலி. அப்புறம் என்ன, மிஸ்ஸிங்நோ.

அது வந்தால் பையிலுள்ள ஆறாவது பொருள் 128 கூடிவிடும் என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஏன் ஆறாவது, ஏன் 128 என்பதுதான் அழகு. எந்தெந்தப் பிராணியைப் பார்த்திருக்கிறோம் என்பதை ஆளுக்கு ஒரு பிட் (0 அல்லது 1) வீதம் 19 பைட்டுகளில் கேம் குறித்து வைக்கிறது; ஒரு பைட்டில் எட்டு பிட். போக்கிடெக்ஸ் எண்ணிலிருந்து 1 கழித்தால் எந்த பிட் என்று கிடைக்கும். மிஸ்ஸிங்நோவின் போக்கிடெக்ஸ் எண் 0. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும் என்பதால் 0இலிருந்து 1 கழித்தால் சுற்றிவந்து 255. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 255ஆவது பிட் என்பது 31ஆம் பைட்டின் கடைசி பிட். ஆனால் குறிப்பேடு 18ஆம் பைட்டோடு முடிந்துவிட்டது. 19இல் பையில் எத்தனை வகைப் பொருள் என்ற கணக்கு. 20இலிருந்து பொருளுக்கு இரண்டு பைட்: ஒன்றில் பொருள், அடுத்ததில் எண்ணிக்கை. 30, 31 ஆகிய இரண்டும் ஆறாவது பொருளுடையவை. 31 அதன் எண்ணிக்கை. அதன் கடைசி பிட்டின் மதிப்பு 128. இல்லாத பிராணியைப் 'பார்த்தாயிற்று' என்று கேம் பொறுப்பாக டிக் போட்டதுதான் அந்த அதிர்ஷ்டம்!

151ஆவது பிராணியான மியூவின் கதை நேரெதிர். வேலை முடியும் தறுவாயில், சோதனைக்காக வைத்திருந்த கருவிகளைக் கேமிலிருந்து நீக்கியபோது சுமார் 300 பைட் இடம் மிஞ்சியது. ப்ரோகிராமர் ஷிகேகி மொரிமோட்டோ அதில் மியூவைச் செருகினார். இதற்கான தடயம் ரெட், ப்ளூ பதிப்புகளில் அப்படியே இருக்கிறது. மற்ற 150 பிராணிகளின் பலம், வேகம் எல்லாம் ஒரே அட்டவணையில் வரிசையாக இருக்க, மியூவின் விவரம் மட்டும் வேறொரு மூலையில் தனியாகக் கிடக்கிறது. 'கேட்பது மியூ என்றால் அங்கே போய்ப் பார்' என்று ஒரு தனிக் கட்டளையும் உண்டு.

இடம் இப்படி உதவியதும் உண்டு, ஆளை வெளியே தள்ளியதும் உண்டு. 1991இல் வந்த முதல் சோனிக் கேமின் இசைச் சோதனைத் திரைக்கு ஒரு இசைக்குழுவைத் திட்டமிட்டிருந்தார்கள். அந்த இடம் கடைசியில் 'சேகா' என்று தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைப் பாடும் தொடக்கக் குரலுக்குப் போயிற்று. அந்தக் குழுவிலிருந்த முதலை வெக்டர் மட்டும் 1995இல் வேறொரு கேமில் தலைகாட்டி, இன்றுவரை தொடரில் இருக்கிறான். குழுவின் மற்றவர்களுக்கு அந்த யோகம் இல்லை.

எல்லோரும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே கிடப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. சூப்பர் மாரியோ 64இல் மாரியோவின் தம்பி லூயிஜி எங்கோ ஒளிந்திருக்கிறார் என்று ரசிகர்கள் பல வருடம் தேடினார்கள். முற்றத்துச் சிலையில் மங்கலாகத் தெரியும் எழுத்துதான் அவர்கள் காட்டிய ஆதாரம். விற்ற கேமில் அவர் இல்லை. 2020 ஜூலையில் அதைத் தயாரித்த நின்டெண்டோ நிறுவனத்தின் உள்கோப்புகள் கசிந்தபோது லூயிஜி உருவத்தின் பாகங்கள் அவற்றில் அகப்பட்டன. ஆட்டக்காரருக்குப் போகும் கேமில் எஞ்சுவதும், உருவாக்கியவர்களின் கோப்புகளில் எஞ்சுவதும் வேறு வேறு. இரண்டாவது வகை கசிந்தால்தான் உண்டு. 1997இல் கண்காட்சிக்கு வைத்த போக்கிமான் கோல்டின் முன்னோட்டம் 2018இல் வெளியானபோதும் இதுதான் நடந்தது. தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் மூன்றில் ஒன்றாக இருந்த தீக்கரடி உட்பட, முடிந்த கேமில் இல்லாத ஏகப்பட்ட பிராணிகள் அதில் இருந்தன.

எனக்குப் பிடித்தது எர்மாக்தான். 1992இன் மோர்டல் காம்பாட் ஆர்கேட் இயந்திரத்தில் கணக்குப் பார்க்கும் திரையில் 'எர்மாக்ஸ்' என்று ஒரு வரி வரும். நிரல் பிழைகளை எண்ணும் வரி அது, அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்கள் ஒளிந்திருக்கும் சிவப்பு நிஞ்ஜா ஒருவனின் பெயர் என்று கிளப்பிவிட்டார்கள். 1995இல் அல்டிமேட் மோர்டல் காம்பாட் 3இல் நிஜமாகவே அவனைச் சேர்த்துவிட்டார்கள். நீக்கப்படாமலே 'நீக்கப்பட்டவன்' என்று பேரெடுத்து, அதனாலேயே வேலை கிடைத்தவன்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறிவிட்டது. பல கேம் எஞ்சின்கள், எங்கிருந்தும் அழைக்கப்படாத படங்களையும் உருவங்களையும் தொகுக்கும்போது தாமாகவே விட்டுவிடும். அதே சமயம், பல கேம்கள் விற்றதோடு முடிந்துவிடுவதில்லை. அப்டேட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே கோப்புகளைக் கிண்டுகிறவர்கள் கையில் அகப்படுவது கழித்துவிட்ட ஆளா, இனி வரப்போகும் ஆளா என்று சொல்வது கஷ்டம். ஒரு பெயர், ஒரு எண், அரைகுறை உருவம், இரண்டு அசைவுகள்: இரண்டு தரப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்தடுத்த அப்டேட்டுகளில் அந்தக் கோப்பு வளர்கிறதா, அப்படியே கிடக்கிறதா என்று பார்த்துத்தான் ஒருவாறு ஊகிக்க முடியும்.