கப்பலைப் பிடித்தால்தான் செய்தி

1879 ஜனவரி 22. தென்னாப்பிரிக்காவின் இசாண்டுல்வானா மலையடிவாரத்தில் இருந்த பிரிட்டிஷ் முகாமை அந்த மண்ணின் மக்களான ஜூலுக்களின் வீரர்கள் ஏறக்குறைய 20,000 பேர் சூழ்ந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். லண்டனுக்கு இது தெரிந்தது பிப்ரவரி 11 அன்றுதான்.

ஏன் இத்தனை நாள்? பம்பாய்க்கு 1870லேயே கடலடித் தந்தி வந்துவிட்டது, தென்னாப்பிரிக்காவுக்கு வரவில்லை. உள்ளூர்த் தந்தி கேப் டவுனோடு நின்றுவிடும். அப்புறம் செய்தி காகிதமாகக் கப்பலேறி, மதீரா, கேப் வெர்டே போன்ற அட்லாண்டிக் தீவுகளுக்குப் போக வேண்டும். லண்டனுக்கான கம்பி அங்கேதான். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் வரை காத்திருக்க வேண்டியதுதான். போர் நிருபருக்கு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, குதிரையும் ஓட்டத் தெரிய வேண்டும்.

இசாண்டுல்வானா படையோடு வந்த ஒரே நிருபர், 'ஸ்டாண்டர்ட்' பத்திரிகையின் நாரிஸ்-நியூமன். அன்று விடியற்காலையில் தளபதி செம்ஸ்ஃபோர்டுடன் முகாமைவிட்டுக் கிளம்பியதால் தப்பினார். இரவு திரும்பிவந்து, இருட்டில் பிணங்களுக்கு நடுவேதான் அந்தப் படை படுத்தெழுந்தது.

தோல்விச் செய்தி வெளியானதும் பத்திரிகைகள் நிருபர்களை அனுப்பத் தொடங்கின. 'டெய்லி நியூஸ்' அனுப்பியவர் ஆர்ச்சிபால்ட் ஃபோர்ப்ஸ். ஜூலை 4 அன்று தங்கள் தலைநகரான உலுண்டியில் ஜூலுக்கள் தோற்றார்கள். தூதுவனை மறுநாள்தான் அனுப்புவேன் என்றார் செம்ஸ்ஃபோர்ட். சரி, நானே போகிறேன் என்று ஃபோர்ப்ஸ் குதிரையேறிவிட்டார். லேண்ட்மன்ஸ் ட்ரிஃப்டில் இருந்த தந்திக் கம்பிக்குச் சுமார் 175 கிலோமீட்டர். எதிரி நாட்டில், இருட்டில், தனியாள். வழியில் குதிரைகளை மாற்றி மாற்றி ஏறி, ஏறக்குறைய 20 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அரசாங்கத்தின் தூதுவனை அவர் முந்திவிட்டதால், வெற்றிச் செய்தியை அதிகாரிகளே அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டார்கள்.

இந்த வீரத்தை மெச்சும்போது ஒன்று உறுத்துகிறது. கம்பியின் முனை ஒரு பக்கத்தாரிடம் மட்டுமே இருந்தது. உலுண்டியில் எரிந்த வீடுகளிலிருந்து குதிரையேறி ஓட ஒரு ஜூலு நிருபர் இல்லை.

படங்கள் இன்னும் மெதுவாகத்தான் வந்தன. களத்தில் பென்சிலால் கிறுக்கிய ஓவியம் கப்பலில் லண்டன் போகும். அங்கே அதை மரக்கட்டையில் வரைந்து, கட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல செதுக்குநர்கள் ஒரே நேரத்தில் செதுக்குவார்கள். பிறகு துண்டுகளைத் திருகாணியால் பூட்டி அச்சிடுவார்கள்.

ஜூலு மன்னர் செட்ஷ்வாயோ ஆகஸ்டில் பிடிபட்டார். ஏடன், சான்சிபார் வழியாகக் கடலடிக் கம்பி டர்பனை எட்டியது டிசம்பரில்.