சிவப்பு லைட் சிமிட்டினால் கவனியுங்கள்

தலவாக்கலைப் பக்கத்து தேயிலை பெக்டரி ஒன்றில், கொழுந்து வாட்டும் தொட்டிகளின் சூட்டையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்ய ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி போர்ட் ஒன்றைப் பெட்டிக்குள் பூட்டிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் வாரமே, பெக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் ஐயா பேசினார். "தம்பி, பெட்டி திரும்பவும் நின்னு போச்சு. பெரிய ஃபேன் போட்டா கரண்ட் இழுக்குது போல."

மலையில் எது நின்றாலும் பழி கரண்டுக்குத்தான். நானும் நம்பினேன். போய்ப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பார்த்தேன். ஃபேன் ஓடியபோது ஒன்றும் ஆகவில்லை. 4ஜி டொங்கிள் தரவை அனுப்பும்போதுதான் போர்டின் சிவப்பு லைட் அணைந்து எரிந்தது. போர்டுக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த லைட் அணையும்.

சார்ஜர் முனையில் 5.1 வோல்ட் சரியாக இருந்தது. போர்டின் 2ஆம், 6ஆம் பின்களில், அதாவது 5 வோல்ட், கிரவுண்ட் முனைகளில் மீட்டரை வைத்தால் 4.6க்கு மேலும் கீழுமாக ஆடியது. குற்றவாளி நான் வாங்கிப்போட்ட இரண்டு மீட்டர் மெல்லிய கேபிள். 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம் தடை. போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர், மொத்தம் 0.85 ஓம். ஒரு அம்பியர் இழுத்தாலே 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். கேஜ் எண் குறையக் கம்பி தடிக்கும், 20 கேஜில் அதே இழப்பு 0.13 வோல்ட்தான். மின்னழுத்தக் குறைவைப் பதிந்து வைத்துச் சொல்லும் கெட் த்ராட்டில்ட் கட்டளையைப் போட்டேன், ஹெக்ஸ் எண்ணில் 50000 என்று வந்தது: போர்ட் எழும்பியதிலிருந்து மின்னழுத்தம் குறைந்திருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

கேபிளை மாற்றிய கையோடு கடிகாரமும் சேர்த்தேன். பை 4இல் சொந்தக் கடிகாரம் இல்லை. மின்சாரம் போய் வந்து, சிக்னலும் இல்லையென்றால் பழைய நேரத்தில்தான் பதிவுகள் விழும். நான் சேர்த்த டிஎஸ்3231 கடிகார மொடியூலை 5 வோல்ட்டில் மாட்டாதீர்கள். பையோடு பேசும் ஐ2சி கம்பிகளை அதுவே 5க்கு இழுத்துவிடும், பையின் பின்கள் தாங்குவது 3.3தான். 1ஆம் பின்னிலிருந்து 3.3 கொடுங்கள்.

அப்புறம், கரண்ட் போனாலும் பெட்டி ஓட ஒரு பெட்டரி. கரண்ட் போனதும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகட்டும் என்று ஒரு சிக்னல் கம்பி கொடுத்தேன். அதற்கு வழக்கமான சிக்னல் பின் ஜிபிஐஓ 3, ஆனால் ஐ2சி கடிகாரக் கம்பியும் அதேதான். அதனால் ஜிபிஐஓ 17க்கு மாற்றினேன். ஷட்டவுன் அருமையாக வேலை செய்தது. கரண்ட் வந்த பிறகு பெட்டி மட்டும் எழும்பவில்லை! பெட்டரி 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்ததால், தூங்கிய பைக்குக் கரண்ட் போய் வந்ததே தெரியவில்லை. இப்போது ஷட்டவுன் முடிந்ததும் இன்னொரு பின் சைகை கொடுக்கும். பெட்டரி பக்கம் 5 வோல்ட்டை வெட்டிவிடும். கரண்ட் வந்தால் திரும்பத் தரும். அது சரியாகும்வரை டீமேக்கர் ஐயா தினமும் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தியிருக்கிறார், உள்ளே பெட்டரி இருப்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.